சாலையோரம் அமர்ந்து வண்டிகளை எண்ணும் வேலை: ஒரு போக்குவரத்துத் தொழில்நுட்பப் பணியாளரின் அனுபவம்

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒளிரும் மேலங்கி அணிந்து, மடியில் அட்டையும் கையில் பேனாவுமாக யாராவது உட்கார்ந்திருந்தால், சுற்றியுள்ள கடைக்காரர்களுக்கு எழும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா சார்? எங்க கடை போயிடுமா?" அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். ஆனால், அடுத்த ஆண்டு நில அளவைக்காரர்கள் அதே இடத்தில் கல் நடும்போது, அந்த ஆறுதலுக்குக் கணக்குக் கேட்கப்படுபவர் நமக்குப் பின்னால் வரும் பணியாளராக இருப்பார். ஆகவே, "இப்போதைக்கு வண்டிய எண்ணத்தான் வந்திருக்கோம்ணே, முடிவெடுக்கிறது நாங்க இல்ல" என்று உள்ளதைச் சொல்வதே நான் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் பதிலாக இருக்கிறது.

சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, சாலைத் திட்டங்களுக்கு ஆய்வு செய்து தரும் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் கணக்கெடுப்பாளராகச் சேர்ந்தேன். பிறகு மேற்பார்வையாளராகி, இடையில் சில ஆண்டுகள் சிக்னல் பராமரிப்பு ஒப்பந்ததாரர் ஒருவரிடம் வேலை பார்த்துவிட்டு, மறுபடியும் கணக்கெடுப்புக் குழுக்களை நடத்தும் பொறுப்புக்கு வந்திருக்கிறேன். சாலையை வடிவமைப்பவர் பொறியாளர்; அந்த வடிவமைப்புக்கு அடிப்படையான அளவுகளைக் களத்திலிருந்து கொண்டுவருபவர் தொழில்நுட்பப் பணியாளர். எத்தனை வண்டிகள், என்ன வகை, என்ன எடை, என்ன வேகம், எங்கிருந்து எங்கே போகின்றன, சந்திப்பில் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பனவற்றையெல்லாம் நாங்கள்தான் எழுதிக்கொடுக்கிறோம். அந்தத் தாளில் இருப்பதை மேலே இருப்பவர்கள் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை என்பதால், எங்கள் வேலையின் மதிப்பு முழுவதும் அந்தத் தாள் உண்மையானதா என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

நகருக்கு வெளியே உள்ள சாலைகளில் வாகனக் கணக்கெடுப்பு எப்படி நடக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஒன்பதாம் எண் வழிகாட்டி சொல்கிறது. 1934-இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பை எங்கள் வட்டாரத்தில் ஐ.ஆர்.சி. என்றே சொல்வோம். ஏழு நாட்கள் தொடர்ச்சியாக, நாளுக்கு 24 மணி நேரமும், ஆண்டுக்கு இரண்டு முறை எண்ண வேண்டும். அவற்றுள் ஒன்று அறுவடையும் விற்பனையும் மும்முரமாக இருக்கும் பருவத்திலும், மற்றொன்று மந்தமான பருவத்திலும் அமைய வேண்டும். இந்த விதியின் அருமை களத்தில் நின்றால்தான் தெரியும். விழுப்புரம், கடலூர்ப் பக்கங்களில் கரும்பு அரவைக் காலத்தில் சாலையை நிறைத்துக்கொண்டு ஊர்ந்து போகும் டிராக்டர் டிரெய்லர்கள், அரவை முடிந்ததும் காணாமல் போய்விடும். மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை பக்தர்கள் திரளும் தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் ஜி.எஸ்.டி. சாலையில் எண்ணிவிட்டு, அதையே ஆண்டு முழுவதற்குமான சராசரி என்று கொடுத்தால், அது அந்தச் சாலையின் கணக்காக இராது. எனவே, தேதி குறிப்பதற்கு முன்னால் நான் பார்ப்பது பஞ்சாங்கம் உள்ள நாட்காட்டியைத்தான். முகூர்த்த நாள், அமாவாசை, வாரச் சந்தை, உள்ளூர்த் தேர்த்திருவிழா ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகே ஆட்களுக்குச் சொல்லி அனுப்புவேன்.

எண்ணும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் சிறிய விஷயமன்று. சந்திப்புக்கும் பெட்ரோல் பங்குக்கும் மிக அருகில் இருந்தால், உள்ளே போய் வெளியே வரும் வண்டிகள் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். இரவில் வெளிச்சம் வேண்டும். மழை வந்தால் ஒதுங்க இடம் வேண்டும். கழிப்பறை நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் திட்ட அட்டவணை போடுபவர்கள் எப்போதும் மறப்பார்கள். பெண் பணியாளர்கள் குழுவில் இருக்கும்போது, பங்க் மேலாளரிடம் முன்கூட்டியே பேசி அனுமதி பெறுவதை என் வேலையாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் ஒரு வரிசை; ஒவ்வொரு வகை வாகனத்துக்கும் ஒரு கட்டம்; நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் பழைய முறையில்தான் இன்றும் பல இடங்களில் எண்ணுகிறோம். எண்ணுவதைவிட வகை பிரிப்பதுதான் கடினம். எல்லோரும் குட்டி யானை என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டி, இலகுரகச் சரக்கு வாகனத்தின் கீழ் வரும் என்பதில் குழப்பமில்லை. ஆனால் அதே உடலமைப்பில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு வரும் ஷேர் ஆட்டோவை எங்கே சேர்ப்பது? வட சென்னையில் மோட்டார் பொருத்தி ஓட்டப்படும் மீன்பாடி வண்டியை எந்தக் கட்டத்தில் போடுவது? அச்சடித்த படிவத்தில் இவற்றுக்கு இடமிருக்காது. முதல் நாள் காலையிலேயே குழு முழுவதையும் உட்கார வைத்து, இதற்கு இன்ன கட்டம் என்று முடிவு செய்து எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பகல் ஷிஃப்ட் ஒரு மாதிரியும் இரவு ஷிஃப்ட் வேறு மாதிரியும் எழுதி, ஒரே சாலையில் இரண்டு விதமான போக்குவரத்து ஓடுவதாகத் தாள் சொல்லும்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், எண்ணியவை அப்படியே கூட்டப்படுவதில்லை. ஒவ்வொன்றும் எத்தனை காருக்குச் சமமாகச் சாலையை அடைக்கிறது என்ற கணக்குக்கு மாற்றப்படுகிறது, இதைத்தான் பி.சி.யு. என்கிறோம். ஊர்ப்புறச் சாலைகளுக்கான ஐ.ஆர்.சி. அட்டவணையில் இரு சக்கர வண்டி 0.5, கார் 1, பேருந்தும் லாரியும் 3, டிரெய்லருடன் கூடிய டிராக்டர் 4.5, பெரிய மாட்டு வண்டி 8. கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டர் டிரெய்லரைக் கவனக்குறைவாகக் கார்க் கட்டத்தில் போட்டுவிட்டால் மூன்றரைக் கார்கள் சாலையிலிருந்து மறைந்துவிடுகின்றன. நகரச் சாலைகளுக்கு வேறு அட்டவணை உண்டு. அதில் ஒரு வகை வாகனத்தின் பங்கு கூடக் கூட அதன் மதிப்பும் மாறும். இரண்டையும் கலந்துவிடும் அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொழிலின் நோய் எதுவென்று கேட்டால், தயங்காமல் சொல்வேன்: அறையில் உட்கார்ந்து எழுதப்படும் தாள்கள். இரவு இரண்டு மணிக்கு மேல் கண்ணைச் சுழற்றும், ஊதியம் குறைவு, மேற்பார்வையாளர் தூங்கியிருப்பார், முந்தைய இரவின் எண்களைக் கொஞ்சம் மாற்றி எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் தெரியும். மனிதன் கற்பனையில் எழுதும் எண்கள் மிகச் சீராக இருக்கும்; உண்மையான சாலையிலோ ஒரு கால் மணியில் மூன்று லாரிகளும், ரயில்வே கேட் திறந்த அடுத்த கால் மணியில் பதினெட்டு லாரிகளும் வரும். அரசுப் பேருந்துகளின் எண்ணிக்கையைப் பணிமனையின் கால அட்டவணையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் ஒத்துப்போக வேண்டும். ஒரு வாரத்தில் இந்தப் பக்கம் போனவையும் அந்தப் பக்கம் வந்தவையும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால், அருகில் ஒரு வழிப்பாதையோ மாற்றுச் சாலையோ இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்த தாளைத் திருத்துவதைவிட அந்த ஷிஃப்டை மறுபடியும் எண்ண வைப்பதே நல்லது. திட்டுவதால் பெரிய பயன் எதுவும் இல்லை. ஷிஃப்டை எட்டு மணி நேரமாகக் குறைத்து, இரவில் இருவர் இருவராக அமர்த்தி, நள்ளிரவில் தேநீருடன் நானே ஒரு முறை போய் வரத் தொடங்கிய பிறகுதான் எங்கள் குழுவில் இந்தப் பழக்கம் ஒழிந்தது.

இப்போது கேமரா வந்துவிட்டதே என்று கேட்பார்கள். வந்துவிட்டது, நல்லதுதான், குறிப்பாகச் சந்திப்புகளில் எந்த வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பதிவு செய்வதற்கு அது பெரும் உதவி. ஆனால் கேமராவைத் தாழ்வாக மாட்டினால் பேருந்துக்குப் பின்னால் வரும் இரு சக்கர வண்டிகள் கண்ணில் படாது. இரவில் எதிர் விளக்கின் ஒளி வெள்ளமாகப் பாயும். மழையில் லென்சில் துளி நிற்கும். ஷேர் ஆட்டோவை மென்பொருள் சில நேரம் கார் என்றும் சில நேரம் வேன் என்றும் வகைப்படுத்தும். ஆகவே, ஒவ்வொரு கேமராவின் பதிவிலும் சில கால் மணிகளை எடுத்து ஆளை வைத்து எண்ணிச் சரிபார்த்த பிறகே நான் கையொப்பமிடுவேன்.

லாரியின் ஒவ்வொரு அச்சும் (ஆக்சில்) எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்க்கும் அச்சு எடைக் கணக்கெடுப்பு முற்றிலும் வேறு உலகம். சாலையில் எடைப் பலகைகளை வைத்து, காவலர் உதவியோடு லாரிகளை நிறுத்தி, ஒவ்வொரு அச்சாக ஏற்றி எடை பார்க்கிறோம். சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சின் எடையோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. ஏறத்தாழ அதன் நான்காம் படியில் கூடுகிறது, அதாவது எடை இரு மடங்கானால் சேதம் பதினாறு மடங்காகும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் வண்டிகளை ஓட விட்டு நடத்திய சோதனையிலிருந்து வந்த விதி அது. வடிவமைப்பில் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் அச்சின் எடை சுமார் 8.16 டன். நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சுக்கு 2018-இல் அனுமதி வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. சட்டப்படி ஏற்றிய அந்த அச்சே அளவுகோல் அச்சைப்போல நான்கு மடங்கு சேதத்தை உண்டாக்கும். வரம்பை மீறி 16 டன்னைத் தாண்டிவிட்டால் சேதம் பதினாறு மடங்கை நெருங்குகிறது.

ஆனால் அந்தப் பதினாறு மடங்கு லாரி எங்கள் பலகையில் ஏறுவதுதான் அரிது. நாங்கள் பலகையை விரித்த கொஞ்ச நேரத்திலேயே ஓட்டுநர்களின் கைபேசிகளில் செய்தி பரவிவிடும். அதிகப் பாரம் ஏற்றியவர்கள் முந்தைய தாபாவில் நிறுத்திச் சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள், அல்லது ஊருக்குள் புகுந்து வேறு வழியில் போய்விடுவார்கள். மாலையில் கணக்கைப் பார்த்தால் அந்தச் சாலையில் எல்லோரும் சட்டத்தை மதிப்பவர்களாகத் தெரிவார்கள். இதற்கு நாங்கள் கண்ட வழி, நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்காமல் சிறு சிறு நேரங்களாகப் பிரித்து, விட்டு விட்டு எடை பார்ப்பது. அருகில் கல் குவாரி இருந்தால் இரு திசைகளையும் தனித்தனியாகவே கணக்கிட வேண்டும். வெறும் வண்டியாகப் போவதும் பாரத்தோடு வருவதும் ஒரே சராசரியில் கரைந்தால், பாரம் வரும் பக்கத்துச் சாலை மெலிதாக அமைந்துவிடும். நிறுத்தப்பட்ட ஓட்டுநரிடம் முதல் வார்த்தை, "அண்ணே, இது ஃபைன் போடுறதுக்கு இல்ல, நம்பர்கூட எழுத மாட்டோம்" என்பதாக இருக்கட்டும். அப்படிச் சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும். உடன் நிற்கும் காவலரிடம் இதை முன்பே பேசி வைக்காவிட்டால் நம் வாக்கு அங்கேயே பொய்யாகிவிடும்.

எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டு எழுதும் நேர்காணல் கணக்கெடுப்பைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஊர்ப் பெயரோடு வட்டத்தின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். தமிழ்நாட்டில் எத்தனை புதூர்கள், எத்தனை மேட்டுப்பாளையங்கள் இருக்கின்றன என்பது அலுவலகத்தில் வரைபடத்தோடு உட்காரும்போதுதான் உறைக்கும்.

சிக்னல் வேலைக்கு வந்தபோது எண்களின் மறுமுனையைப் பார்த்தேன். ஒரு சந்திப்பில் வந்து சேரும் ஒவ்வொரு சாலைக்கும் எத்தனை வினாடி பச்சை என்பதை 1958-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் வெப்ஸ்டர் வகுத்த முறைப்படி கணக்கிடுவது வழக்கம். பச்சை தொடர்ந்து எரிந்தால் சாலை அகலத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் மணிக்கு 525 பி.சி.யு. கடக்கும் என்று ஐ.ஆர்.சி. சொல்கிறது. காகிதத்தில் அழகாக வரும். களத்தில் பார்த்தால், பச்சை விழுவதற்கு முன்பே இரு சக்கர வண்டிகள் நிறுத்தக் கோட்டைத் தாண்டி வந்து நிற்கும். இடது ஓரத்தில் பேருந்து நின்று பயணிகளை இறக்கிக்கொண்டிருக்கும். ஏழு மீட்டர் அகலம் ஐந்தாகச் சுருங்கியிருக்கும். உச்ச நேரத்தில் காவலர் பெட்டியைத் திறந்து, தானியங்கியை நிறுத்திவிட்டுக் கையால் இயக்கத் தொடங்குவார். புதிதாக வரும் பொறியாளர்கள் இதைப் பார்த்து எரிச்சலடைவார்கள். நான் ஏட்டையா பக்கத்தில் போய் நின்று, "ஏன் ஐயா இந்தப் பக்கம் இவ்வளவு நேரம் விடுறீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். பெரும்பாலும் அவரிடம் காரணம் இருக்கும்: பக்கத்துச் சந்திப்பிலிருந்து வண்டி வரிசையின் வால் நீண்டு மேம்பாலம் வரை போய்விடுகிறது, அல்லது பள்ளி விடும் நேரம். அந்தக் காரணத்தை நேர அட்டவணைக்குள் கொண்டுவந்துவிட்டால் அவர் கையால் இயக்க வேண்டிய தேவை குறையும். ஆனால் ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரையிலான ஒரு சுற்று 120 வினாடிக்கு மேல் நீள்வதை மட்டும் நான் விரும்புவதில்லை. காத்திருப்பு நீண்டால் சிவப்பை மதிக்கும் பொறுமை யாருக்கும் இருக்காது.

கோயம்புத்தூரில் அண்மை ஆண்டுகளில் பல சந்திப்புகளில் சிக்னலை நிறுத்திவிட்டு, ரவுண்டானாவும் யூ-டர்னுமாக மாற்றினார்கள். வண்டிகள் நிற்காமல் நகர்வதைப் பார்த்துப் பலரும் பாராட்டினார்கள்; காத்திருப்புக் குறைந்தது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் சிவப்பே விழாத சாலையை நடந்து கடப்பவர் எப்போது கடப்பது என்பதை அளந்து பார்க்காமல் அந்த மாற்றத்தை வெற்றி என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை. அளப்பதற்கு முறை இருக்கிறது: மணிக்குக் கடக்கும் பாதசாரிகளின் எண்ணிக்கையை, வாகன எண்ணிக்கையின் இருபடியால் பெருக்க வேண்டும், நடுத்தடுப்பு இல்லாத சாலையில் அது பத்துக் கோடியைத் தாண்டினால் முறையான கடவை தேவை. இருநூறு பேரும் எண்ணூறு வண்டிகளும் இருந்தாலே 12.8 கோடி வந்துவிடும். நம் நகரங்களில் இந்த வரம்பைத் தாண்டாத கடைத்தெருவைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

சிக்னல் பராமரிப்பில் எதிரி மழை. ஐப்பசி, கார்த்திகையில் தரையடிக் குழிகளில் தண்ணீர் நிற்கும். கேபிளை வேறொரு துறையின் பள்ளம் தோண்டும் இயந்திரம் கோடையில் அறுத்திருக்கும். அவசரத்தில் போட்ட இணைப்பு அந்த நீரில் மூழ்கியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, சோதித்துப் பார்க்காமல் கம்பத்தைத் தொடக் கூடாது. தனியாகப் போகக் கூடாது. தரை இணைப்பை (எர்த்) ஆண்டுக்கு ஒரு முறையாவது மழைக்கு முன் அளந்துவிட வேண்டும். மோதும் இரு திசைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை விழுந்தால் முழுச் சந்திப்பையும் மினுக்கும் மஞ்சளுக்கு மாற்றிவிடும் பாதுகாப்பு அமைப்புக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும். அது அடிக்கடி இயங்குகிறது என்று எரிச்சலுற்று அதைத் துண்டித்துவிட்டுப் போகும் ஆட்களும் உண்டு. அப்படிப்பட்டவரோடு ஒரே குழுவில் வேலை செய்யாதீர்கள்.

2022-இல் நாட்டிலேயே அதிகமாக 64,105 சாலை விபத்துகள் தமிழ்நாட்டில் பதிவாயின. 17,884 பேர் இறந்தார்கள். விபத்து ஆய்வுக்குப் போகும்போது காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கைகளைப் படிக்க நேரும். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓட்டுநர் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" வந்திருப்பார். வழக்குக்கு அது போதும். சாலையைச் சரிசெய்யப் போதாது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ படுகாயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள் நடந்திருந்தால் அது கரும்புள்ளி. ஐந்து ஓட்டுநர்களும் ஒரே இடத்தில் அஜாக்கிரதையாக இருந்தார்கள் என்றால், அந்த இடத்தில் இரவில் போய் நின்று பார்க்க வேண்டும். நடுத்தடுப்பில் யாரோ உடைத்த திறப்பு, மரக்கிளை மறைத்த எச்சரிக்கைப் பலகை, ஒளி திரும்பாத அளவுக்குத் தேய்ந்த வெள்ளைக் கோடு என ஏதாவது ஒன்று கண்ணில் படும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் வந்த பிறகு இடத்தைக் கண்டறிவது எளிதாகியிருக்கிறது. நின்று பார்க்கும் வேலை அப்படியே இருக்கிறது.

நிற்பது என்றதும் நினைவுக்கு வருகிறது: எந்த நேரமும் வரும் வண்டிகளைப் பார்த்தபடியே நில்லுங்கள். அளவுச் சக்கரம் உருட்டும்போது முதுகைக் காட்டி நடக்காதீர்கள். வேகம் அளக்கும் கருவியை மறைவாக வையுங்கள். ஓட்டுநர் அதைக் கண்டுவிட்டால், அதன் பிறகு அவர் பிரேக்கைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். நடுத்தடுப்பில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கமாகவே ஆகிவிட்ட குழுக்கள் இருக்கின்றன. மேற்பார்வையாளர் அதை ஒரு நாளும் அனுமதிக்கக் கூடாது.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்குச் சிவில் டிப்ளமோ போதுமான தொடக்கம். சிக்னல் பக்கம் போக எலக்ட்ரிக்கல் அல்லது எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். எக்செல், வடிவமைப்பு வரைவதற்கான ஆட்டோகேட், நிலவரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ் ஆகிய மூன்றையும் கையாளத் தெரிந்தவர் களத்திலிருந்து பகுப்பாய்வு மேசைக்கு விரைவில் நகர்கிறார். நெடுஞ்சாலைத் திட்ட ஆலோசனை நிறுவனங்கள், மெட்ரோ ரயில் பணிகள், பல்கலைக்கழக ஆய்வுத் திட்டங்கள், சிக்னல் ஒப்பந்ததாரர்கள் ஆகியோரே பெரும்பாலும் ஆள் எடுக்கிறார்கள். அனுபவம் சேர்ந்த பிறகு சாலைப் பாதுகாப்புத் தணிக்கைப் பயிற்சி முடித்தால் மதிப்புக் கூடும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது; மாதத்தில் பாதி நாட்கள் வெளியூரில் கழியும் என்பதால் களப் படியும் தங்குமிடமும்தான் உண்மையான வருமானத்தைத் தீர்மானிக்கின்றன. சேருவதற்கு முன் படி எவ்வளவு, இரவு ஷிஃப்டுக்குப் பிறகு ஓய்வு நாள் உண்டா, பி.எப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, விபத்துக் காப்பீடு யார் பெயரில் எவ்வளவுக்கு எடுத்திருக்கிறார்கள் என்பனவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தினக்கூலிக்கு வரும் மாணவக் கணக்கெடுப்பாளர்களுக்கும் அந்தக் காப்பீடு உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் இரவில் சாலைக்கு மிக அருகில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான்.